வினவும் வகுப்பறைக்கு வினவும் ஆசிரியர்

1976-ஆம் ஆண்டில் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் வாயிலாக, குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் நமது அரசியல் சட்டத்தில் இடம்பெற்றன. விஞ்ஞான மனப்பான்மையையும், மனித நேயத்தையும், ஆராய்ந்து அறியும் உணர்வையும், சீர்திருத்த நோக்கையும் வளர்த்துக்கொள்வது அக்கடமைகளுள் ஒன்றாகும். சட்டத்தில் ஒரு கடமையை எழுதிவிடலாம். அது மக்களின் மனத்தில் வேரூன்ற வேண்டுமானால் அதற்குரிய நாற்றங்கால் தேவை. நாட்டின் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த நாற்றங்கால் பள்ளியின் விஞ்ஞான வகுப்பேயாகும்.

அந்த வகுப்பில் பொதுவாக நடப்பது என்ன? ஆசிரியர் பாடநூலைப் படிக்கிறார். முக்கியமான சொற்களைக் கரும்பலகையில் எழுதுகிறார். தேர்வில் வரக்கூடிய வினாக்களுக்கு விடைகளைச் சொல்ல, மாணவர்கள் எழுதிக்கொள்கின்றனர். சோதனை ஏதேனும் செய்யப்பட்டாலும் அதன் முடிவு முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கிறது. இந்நிலைக்கு ஆசிரியரைக் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், அவர் தமக்குக் கற்பிக்கப்பட்ட முறையிலேயே தாமும் கற்பிக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பள்ளியில் 12 ஆண்டுகளும் கல்லூரியில் 3 ஆண்டுகளும் விடைகளைக் கேட்டே பழகிய ஒருவரிடம், பயிற்சிக் கல்லூரியிலும் “வினவி அறியும் முறை” பற்றிய சொற்பொழிவையே அளித்தால், அவர் அதையும் ஒரு தேர்வு வினாவுக்கான விடையாகவே குறித்துக்கொள்வார். வினவி அறிதலையும் சான்று காட்டி வாதிடுதலையும் வருங்கால ஆசிரியர் தாமே செய்து பழகினாலன்றி, அவற்றை அவர் வகுப்புக்குக் கொண்டுசெல்ல இயலாது.

ஒரு மெழுகுவர்த்திப் பாடம்

விஞ்ஞானப் பட்டம் பெற்ற மாணவ ஆசிரியர்களைக் கொண்ட ஒரு பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், சுடர் அணைகிறது. குவளைக்குள் நீர்மட்டம் உயருகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. காரணம் கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் தயக்கமின்றி விடை கூறுவர்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தை நீர் நிரப்பியது. பாடநூல்கள் பலவும் நெடுங்காலமாக இவ்வாறே கூறிவந்துள்ளன.

பயிற்சியாளர் இந்த விடையைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லாமல், “இதற்கு உங்களிடம் உள்ள சான்று என்ன?” என்று மட்டும் கேட்டு, சோதனையை மீண்டும் செய்து பார்க்கச் சொல்கிறார் என்று கொள்வோம். நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து கூர்ந்து நோக்கும்போது, முன்பு கண்ணில் படாத சில செய்திகள் புலனாகும். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது நீர்மட்டம் அதிகம் உயருவதில்லை; சுடர் அணைந்த பிறகே விரைந்து உயருகிறது. பிராணவாயு குறைவதுதான் காரணமென்றால், எரியும்போதே நீர் சிறிது சிறிதாக ஏற வேண்டுமல்லவா? அடுத்து, அதே குவளைக்குள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் முன்னைவிட உயரமாக ஏறுகிறது. குவளையிலுள்ள பிராணவாயுவின் அளவோ மாறவில்லை. மேலும், குவளையைக் கவிழ்க்கும் நேரத்தில் அதன் விளிம்பின் வழியே காற்றுக் குமிழிகள் வெளியேறுவதையும் சில வேளைகளில் காணலாம்.

இச்சான்றுகள் மற்றொரு விளக்கத்தை நோக்கி இட்டுச்செல்கின்றன. சுடரின் வெப்பத்தால் காற்று விரிவடைந்து, அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. அப்படியானால் பிராணவாயு செலவானதற்கு இதில் பங்கே இல்லையா என்று ஒருவர் கேட்கக்கூடும். பிராணவாயு செலவாகும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. நீராவி குளிர்ந்து நீராகிவிடுகிறது. எனவே சிறு பங்கு உண்டு என்று மற்றொருவர் விடையளிக்கலாம். பிராணவாயு முழுவதும் தீர்ந்த பிறகுதான் சுடர் அணைகிறதா என்பது அடுத்த வினா. இல்லை, அதில் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. அவ்வாறெனில், ஐந்தில் ஒரு பங்கு என்பதை வேறு எவ்வாறு காட்டுவது? ஈரமான இரும்புத்தூளை உட்புறத்தில் ஒட்டவைத்த சோதனைக் குழாயை நீரில் கவிழ்த்துச் சில நாட்கள் வைத்திருந்தால், இரும்பு துருப்பிடிக்கும்போது பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. அங்கே சுடரின் வெப்பம் இல்லை. வேறு வாயுவும் உண்டாவதில்லை. நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரத்திற்கு ஏறி நிற்கிறது.

இந்த ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆனால், மூன்று உண்மைகளை மாணவ ஆசிரியர் தம் அனுபவத்தில் உணர்கிறார். பட்டம் பெற்ற தமது அறிவிலும் சோதித்துப் பாராத பகுதிகள் உண்டு. அச்சில் ஏறிய கூற்றும் சான்றுக்குக் கட்டுப்பட்டதே. தவறான கருத்தைக் கூறியவர் அதனால் சிறுமைப்படவில்லை. அவர் கூறியதனால்தான் ஆராய்ச்சியே தொடங்கிற்று. இந்த மூன்றாவது உணர்வு வாய்க்கப்பெற்ற ஆசிரியர், நாளை தமது வகுப்பில் தவறான விடை கூறும் சிறுவனை உட்கார வைத்துவிட்டு அடுத்தவனைக் கேட்க மாட்டார்.

ஆய்வும் வாதமும்

சோதனை செய்வதனாலேயே ஒரு வகுப்பு ஆய்வு வகுப்பாகிவிடாது. கருவிகளைக் கையாண்டு, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டால், அது கைவேலையாகவே நின்றுவிடும். கண்டவற்றிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எதற்கு வர இயலாது, ஏன் என்று ஒருவர்க்கொருவர் காரணம் கூறும்போதே கைவேலை அறிவாகிறது. மறுபுறம், சான்றைத் தேடாத வாதம் மேடைப் பட்டிமன்றமாக முடியும். ஆகவே ஆய்வும் வாதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958-இல் வெளியிட்ட நூலொன்றில் வாதத்தின் உறுப்புகளை வகுத்துக் காட்டினார். ஒருவர் நிலைநாட்ட விரும்பும் கூற்று, அதற்கு ஆதாரமான செய்திகள், அச்செய்திகள் அக்கூற்றுக்கு எவ்வாறு ஆதாரமாகின்றன என்பதை இணைத்துக் காட்டும் நியாயம், கூற்று எந்த அளவுக்கு உறுதியானது என்னும் வரையறை, அது பொருந்தாத இடங்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. விஞ்ஞான வகுப்பில் வாதத்தைப் பற்றி எழுதும் கல்வியாளர்கள் பலர் இந்த அமைப்பைப் பயன்படுத்திவருகின்றனர்.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. மலையில் நெருப்பு உண்டு. ஏனெனில் அங்கே புகை தெரிகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. இம்மலையிலும் அத்தகைய புகை உள்ளது. ஆகவே இங்கு நெருப்பு உண்டு என்று ஐந்து உறுப்புகளாக வாதத்தை அமைக்கும் முறையை நியாய சாத்திரம் வகுத்தது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று மணிமேகலைக் காப்பியம் இவ்வுறுப்புகளைத் தமிழில் எடுத்துரைக்கிறது. உண்மையை அறிவதற்காக இருவர் நடத்துவது வாதம். வெல்வதற்காக நடத்துவது சல்பம். தமக்கென ஒரு கொள்கையும் நிறுவாமல் பிறர் கூற்றை இடிப்பது மட்டுமே விதண்டை என்னும் பாகுபாட்டையும் நியாயத்தார் செய்தனர். வகுப்பறைக்கு வேண்டியது இவற்றுள் முதலாவதேயாகும். இந்த வேறுபாட்டை அறிந்த ஆசிரியர், உரக்கப் பேசும் மாணவனின் வெற்றியைக் கற்றலின் வெற்றியாகக் கருதி ஏமாற மாட்டார்.

ஹோஷங்காபாத் அனுபவம்

இத்தகைய கல்வி நமது அரசுப் பள்ளிகளில் நடைபெற இயலுமா என்னும் ஐயத்துக்கு நமது நாட்டிலேயே ஒரு விடை உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று இது நர்மதாபுரம் என வழங்கப்படுகிறது) 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள பிரெண்ட்ஸ் கிராமிய மையம் ஆகிய இரு தொண்டு நிறுவனங்கள் மாநில அரசின் இசைவுடன் இதைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக் கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் விஞ்ஞானிகள் இதில் பங்குகொண்டனர். 1978-இல் இத்திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1982-இல் நிறுவப்பட்ட ஏகலவ்யா நிறுவனம் இதன் பொறுப்பை ஏற்றது.

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு “பால் வைக்ஞானிக்”, அதாவது குழந்தை விஞ்ஞானி, என்னும் பயிற்சி நூல்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் சோதனைகளும் வினாக்களும் இருந்தன. ஆயத்த விடைகள் இல்லை. மாணவர்கள் நால்வர் கொண்ட குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதி, வகுப்பில் விவாதித்தனர். உள்ளூரில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்ட கருவிப் பெட்டிகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன.

நமது பொருளுக்கு மிகவும் தொடர்புடையது ஆசிரியர் பயிற்சியில் அவர்கள் கையாண்ட முறை. கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களில் ஆசிரியர்கள் மாணவர்களைப் போலவே குழுக்களாக அமர்ந்து, தாங்கள் கற்பிக்கவிருக்கும் நூலின் சோதனைகளைத் தாங்களே செய்தனர். விடைகளைப் பற்றித் தங்களுக்குள்ளும் விஞ்ஞானிகளுடனும் வாதிட்டனர். முகாமுடன் பயிற்சி முடிந்துவிடவில்லை. ஆண்டு முழுவதும் மாதந்தோறும் ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி வகுப்பில் எதிர்ப்பட்ட இடர்ப்பாடுகளைப் பேசினர். நூல்களைத் திருத்துவதிலும் அவர்களுடைய அனுபவம் இடம்பெற்றது. தேர்வு முறையும் மாற்றப்பட்டது. எழுத்துத் தேர்வில் நூலைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. “சவாலிராம்” என்னும் கற்பனை நண்பருக்குக் குழந்தைகள் தங்கள் ஐயங்களைக் கடிதமாக எழுதலாம்.

பல மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த இத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. முப்பதாண்டுக் காலம் ஒரு மாற்றுமுறை அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே இயங்கியது என்பது அதன் வலிமையைக் காட்டுகிறது. அதன் முடிவு வேறொன்றையும் உணர்த்துகிறது. பணியில் உள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் திட்டம் ஓர் ஆணையால் நின்றுவிடக்கூடும். ஆசிரியராக வருமுன்னரே பெறும் கல்வியில் இம்முறை இடம்பெற்றுவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி முடித்து வெளிவருவோர் அதைத் தம்முடன் எடுத்துச்செல்வர்.

பயிற்சிக் கல்லூரியில் செய்யத்தக்கவை

2014-ஆம் ஆண்டு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த விதிமுறைகள் கல்வியியல் பட்டப் படிப்பை இரண்டாண்டுகளாக்கின. பள்ளிகளில் 20 வாரக் களப் பயிற்சிக்கும் வகைசெய்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை வருங்காலப் பாதையாகக் காட்டுகிறது. அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய இடங்களிலுள்ள மண்டலக் கல்லூரிகளில் இத்தகைய நான்காண்டுப் படிப்பு 1960-களிலேயே தொடங்கப்பட்டது. ஆனால், ஆண்டுகளைக் கூட்டுவதால் மட்டும் முறை மாறிவிடாது. கூடுதலாகக் கிடைக்கும் காலத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே வினா.

முதலாவதாக, மேலே கண்ட மெழுகுவர்த்திப் பாடத்தைப் போன்ற பத்துப் பன்னிரண்டு ஆய்வுகளையேனும் மாணவ ஆசிரியர் ஒரு மாணவராக இருந்து முடிக்க வேண்டும். ஊசலின் அலைவு நேரத்தைக் குண்டின் எடை மாற்றுமா, நூலின் நீளம் மாற்றுமா? விதை முளைக்க ஒளி வேண்டுமா? உப்பைக் கரைத்தால் நீரின் எடை கூடுமா? இவற்றுக்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை.

இரண்டாவதாக, பாடக்குறிப்பின் அமைப்பு மாற வேண்டும். ஆசிரியர் சொல்வது, மாணவர் செய்வது என்னும் பத்திகளுடன், “மாணவர்கள் எவ்வாறெல்லாம் கருதக்கூடும்? ஒவ்வொரு கருத்தையும் எந்தச் சான்றால் சோதிக்கலாம்?” என்னும் பத்தியும் சேர வேண்டும். கனமான பொருள் விரைவாக விழும், செடி தன் உணவு முழுவதையும் மண்ணிலிருந்து எடுக்கிறது என்பன போன்ற எண்ணங்களை முன்கூட்டியே எதிர்பார்ப்பவரே அவற்றை ஆய்வுக்குரிய பொருளாக மாற்ற இயலும்.

மூன்றாவதாக, வினாக் கேட்டுக் காத்திருக்கும் பழக்கம் வேண்டும். வினாக் கேட்ட பின் ஆசிரியர்கள் பொதுவாக ஒரு வினாடி அளவே காத்திருக்கின்றனர் என்றும், அதை மூன்று வினாடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகவும் காரணம் கூறுவனவாகவும் அமைகின்றன என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதைச் செய்வது அரிது. மாணவ ஆசிரியர் தமது பாடத்தைச் செல்பேசியில் பதிவுசெய்து, பிறகு கேட்டு, யார் எவ்வளவு பேசினார், எத்தனை முறை “ஏன்?” என்று கேட்கப்பட்டது, காரணம் கூறிய மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் நல்ல பயிற்சியாகும்.

நான்காவதாக, மொழியில் கருத்துச் செலுத்த வேண்டும். கலைச்சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, ஏனெனில், ஆகையால், ஆயினும், ஒருவேளை, இதற்கு மாறாக என்னும் சொற்களைக் கொண்டு பேசப் பழகுவதே வாதத்தின் உயிர். இதைத் தாய்மொழியில்தான் குழந்தை தயக்கமின்றிச் செய்யும். உயர்கல்வியை ஆங்கிலத்தில் முடித்த ஆசிரியர், தாம் அறிந்த விஞ்ஞானத்தைத் தம் மாணவரின் மொழியில் மீண்டும் சொல்லிப் பழக வேண்டியவராகிறார்.

ஐந்தாவதாக, களப் பயிற்சியின்போது மாணவ ஆசிரியர் தனித்து விடப்படலாகாது. பழைய முறையில் பாடத்தை விரைந்து முடிக்கும் பள்ளியில் அவர் ஒருவர் மட்டும் புதுமை செய்ய முயன்றால், இரண்டொரு வாரங்களில் சோர்ந்துவிடுவார். ஹோஷங்காபாத்தின் மாதக் கூட்டங்களைப் போல, பயிற்சி பெறுவோரும் பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் கூடிப் பேசும் ஏற்பாடு தேவை.

தடைகளும் எல்லைகளும்

நெருக்கடியான வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், மனப்பாடத்தை அளக்கும் தேர்வு ஆகிய தடைகள் உண்மையானவை. எல்லாப் பாடங்களையும் ஆய்வு முறையில் நடத்த இயலாது; நடத்தவும் தேவையில்லை. அணுவின் அமைப்பை வகுப்பில் யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. அதை ஆசிரியர் தெளிவாக விளக்கத்தான் வேண்டும். மாதத்துக்கு இரண்டு பாடங்களை இம்முறையில் நடத்துவதாகத் தொடங்கலாம். ஆயினும் தேர்வில் “காரணம் கூறுக” என்பதற்கும் மனப்பாட விடையே மதிப்பெண் பெறும் வரையில், பயிற்சிக் கல்லூரியின் முயற்சி பாதி வழியிலேயே நின்றுவிடும். கல்லூரியின் உள்மதிப்பீட்டில் இருந்தேனும் இந்த மாற்றம் தொடங்க வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். விஞ்ஞான உண்மை பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்யப்படுவதன்று. நாற்பது மாணவர்களில் முப்பத்தொன்பது பேர் ஒரு கருத்தைக் கூறினாலும், எஞ்சிய ஒருவரின் பக்கம் சான்று இருக்கக்கூடும். விவாதத்தை முடித்துவைக்கும்போது, சான்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதையும், விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட விளக்கம் எது, ஏன் என்பதையும் கூறுவது ஆசிரியரின் பொறுப்பு. அதைக் கூறாமல் விடுவது மாணவரைக் குழப்பத்தில் ஆழ்த்துவதாகும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஆசிரியரின் உள்ளத்தில் இருக்கும் அச்சமே. மாணவன் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிட்டால் மதிப்புப் போய்விடும் என்னும் எண்ணம், வினாக்களே எழாதபடி வகுப்பை நடத்தும் பழக்கமாக வளர்கிறது. “எனக்குத் தெரியவில்லை, எவ்வாறு கண்டறியலாம் என்று பார்ப்போம்” என்று தம் பேராசிரியர் கூறக் கேட்டவரே, பிற்காலத்தில் அதே சொற்களைத் தம் மாணவர்முன் கூசாமல் கூறுவார்.

குடிநீர் தூயதா, இந்த மருந்து நம்பத்தக்கதா, பயிருக்கு இந்த உரம் எவ்வளவு வேண்டும், செல்பேசியில் வந்த செய்தி மெய்யா என்று நாள்தோறும் முடிவு செய்ய வேண்டியவர்கள் நமது மக்கள். சான்றைக் கேட்டு முடிவு செய்யும் பழக்கம் அவர்களுக்குச் சிறுவயதிலேயே வாய்க்க வேண்டுமானால், இன்று பயிற்சிக் கல்லூரிகளில் அமர்ந்திருக்கும் மாணவ ஆசிரியர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்களுள் ஒருவர் முப்பதாண்டுகள் பணியாற்றினால், ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவரிடம் பயின்று செல்வர். இன்று அவர் பெறும் பயிற்சியின் தரமே அத்தனை குழந்தைகள் பெறப்போகும் விஞ்ஞானக் கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும்.